பிரிட்டனின் மறந்துபோன மைக்ரோகார்களை அடையாளம் காண்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏலப் பட்டியலில் ஒரு மங்கிய படம், லண்டனில் இருந்த பெரியப்பாவின் ஆல்பத்தில் ஒரு மூன்று சக்கர வண்டி, யாரோ ஒருவரின் கொட்டகையில் சக்கரமில்லாத ஒரு ஃபைபர் கூடு. "இது என்ன கார்?" என்ற கேள்வி எங்கிருந்து வந்தாலும், கூடவே வரும் சந்தேகங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

மைக்ரோகார்னா என்ன? சின்னதா இருந்தா எல்லாமே மைக்ரோகார்தானா?

இல்லை. அளவை விட எஞ்சின்தான் முக்கியம். பொதுவாக 500 சிசிக்குள், பெரும்பாலும் மோட்டார்சைக்கிள் எஞ்சினை வைத்து, ஒன்று முதல் நான்கு பேர் வரை உட்காரும்படி செய்த கார்களை மைக்ரோகார் என்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் பெட்ரோலும் பணமும் தட்டுப்பாடாக இருந்தபோது இவை பிறந்தன. 1956-ல் சூயஸ் நெருக்கடி வந்து பெட்ரோலுக்கு ரேஷன் போட்டதும் புதிது புதிதாக ஆட்கள் இந்தத் தொழிலில் குதித்தார்கள்.

இவற்றில் பாதிக்கு மேல் மூன்று சக்கரமாக இருக்கக் காரணம் சட்டம். 8 ஹண்ட்ரட்வெயிட், அதாவது சுமார் 406 கிலோ எடைக்குள் இருந்த மூன்று சக்கர வண்டியை அப்போது மோட்டார்சைக்கிள் லைசென்ஸிலேயே ஓட்ட முடிந்தது, வரியும் குறைவாக இருந்தது. 1959-ல் மினி என்ற சின்ன நான்கு சக்கரக் கார் வந்தது. 1962-ல் நான்கு சக்கரக் கார்களின் விற்பனை வரியையும் 25 சதவீதத்துக்கு இறக்கினார்கள். அதோடு இந்த வண்டிகளுக்கு இருந்த விலைச் சலுகை போய்விட்டது. ஆகவே உங்கள் கையில் இருப்பது 1949-க்கும் 1966-க்கும் இடைப்பட்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஒரு வண்டியைப் பார்த்ததும் முதல்ல எதைப் பார்க்கணும்?

பேட்ஜைப் பார்க்காதீர்கள். அது திருகு கழற்றி மாட்டுகிற பொருள். இந்த வரிசையில் பாருங்கள்: ஒற்றைச் சக்கரம் முன்னாலா பின்னாலா? பாடி அலுமினியமா, இரும்பா, ஃபைபரா? எஞ்சின் எங்கே இருக்கிறது, எந்தச் சக்கரத்துக்குச் செயின் போகிறது? கதவு எத்தனை, எந்தப் பக்கம்? இந்த நாலுக்கும் விடை கிடைத்தாலே பத்துப் பதினைந்து பெயர்கள் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

பாடிக்கு ஒரு சின்னக் காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் விரல் கணுவால் தட்டுங்கள்: அலுமினியத்தில் கணீரென்று தகர ஓசை வரும், ஃபைபரில் மந்தமாக இருக்கும். ஒரே இடத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அலுமினிய பாடியில் பிற்காலத்தில் ஃபைபர் ஒட்டு போட்டிருப்பார்கள், ஃபைபர் பாடிக்குள் இரும்புச் சட்டம் ஓடும்.

மூணு சக்கர பிரிட்டிஷ் கார்னா அது ரிலயன்ட்தானே?

தொலைக்காட்சி நகைச்சுவைக் காட்சிகளில் திருப்பத்தில் கவிழ்ந்து விழும் வண்டியாக எல்லோருக்கும் தெரிந்தது அதுதான் என்பதால் வரும் குழப்பம் இது. டாம்வொர்த் நகரில் செய்த ரிலயன்ட் ரீகலில் நான்கு சிலிண்டர், தண்ணீரில் குளிரும் எஞ்சின் இருந்தது, தொடக்க ரகங்களில் 747 சிசி. மைக்ரோகார் வகையில் அதைச் சேர்ப்பதில்லை. பானெட்டைத் திறந்ததும் ரேடியேட்டர் தெரிந்தால், நீங்கள் தேடுவது அநேகமாக இந்தப் பக்கத்தில் இல்லை.

முன்னால ஒத்தைச் சக்கரம் இருக்கு. பாண்டா, வேற ஏதாவதா?

ஸ்டியரிங்கைத் திருப்பி, பானெட்டுக்குள் எட்டிப் பாருங்கள். முன்சக்கரத்தோடு எஞ்சினும் சேர்ந்து திரும்பினால் அது பாண்ட் மினிகார். லாரி பாண்ட் (Lawrie Bond) என்பவர் வடிவமைத்தது, லங்காஷயரின் பிரெஸ்டன் நகரில் செய்தது. எஞ்சின் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து, செயின் மூலம் அதே சக்கரத்தை ஓட்டும். அடுத்த கேள்வியில் வரும் ரகம் பிரிப்பது பிறகுதான், முதலில் இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

எஞ்சின் பின்னால் இருந்தால் முதலில் ஏசி பெட்டீட்டை நினையுங்கள். தேம்ஸ் டிட்டனில் 1952 முதல் 1958 வரை செய்தது. முதல் ரகத்தில் பின்சக்கரங்கள் 18 அங்குல ஸ்போக் சக்கரங்கள், முன்சக்கரமோ 8 அங்குலம்தான். இந்தப் பொருத்தமில்லாத ஜோடி வேறெதிலும் கண்ணில் படாது. 1955-க்குப் பிறகு வந்த இரண்டாம் ரகத்தில் மூன்றும் 12 அங்குலம். எஞ்சின் வண்டியின் வலது விலாவில் ஒரு புடைப்புக்குள் இருந்து, கதவு இடது பக்கம் மட்டும் இருந்தால் அது கார்டன். கால்பந்துப் பந்தயச் சீட்டு நடத்திய வெர்னன்ஸ் குழுமத்தின் தயாரிப்பு. ஃபைபர் பாடியில் ஆலார்ட் கிளிப்பர் என்றொன்றும் உண்டு, ஆனால் செய்ததே இருபது சொச்சம்தான்.

வெளிர்நீல நிறத்தில், இரு பக்கமும் நகர்த்தித் திறக்கும் கதவோடு, ஒரே ஒரு இருக்கை இருந்தால் அது இன்வாகார் மாடல் 70. மாற்றுத்திறனாளிகளுக்காக அரசாங்கம் கொடுத்த வண்டி அது, சொந்தம் அரசாங்கத்துக்கே. 2003 மார்ச் 31-க்குப் பிறகு அவற்றைச் சாலையில் ஓட்டத் தடை விதித்து, திரும்ப வாங்கி நசுக்கிவிட்டார்கள். தப்பியவை சொற்பம். நல்ல நிலையில் ஒன்றைப் பார்த்தால் தயவுசெய்து நிறத்தை மாற்றிவிடாதீர்கள்.

பாண்ட் மினிகார்தான்னு தெரிஞ்சுடுச்சு. எந்த மார்க்னு எப்படிச் சொல்றது?

1949 முதல் 1966 வரை மார்க் ஏ-யிலிருந்து ஜி வரை ஏழு ரகம், மொத்தம் 24,000-க்கும் மேல். அபூர்வம் என்று சொல்லும் அளவுக்குக் குறைவில்லை. ஆனால் தொடக்கக் கால ரகங்கள் அபூர்வம்தான்.

மார்க் ஏ-யில் பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே கிடையாது, காற்றுக் குறைவாக அடித்த டயர்தான் அதிர்ச்சியை வாங்கும். முதலில் 122 சிசி வில்லியர்ஸ் எஞ்சின், பிறகு 197 சிசி. தொடக்க வண்டிகளில் ஸ்டியரிங் கம்பிவடத்தில் இழுபடும். பின் சஸ்பென்ஷன் இருந்து, உருவம் இதே மாதிரி இருந்தால் மார்க் பி. 1952-ல் வந்த மார்க் சி-யை முன்னாலிருந்து பார்த்தால் நான்கு சக்கரக் கார் என்றே நினைப்பீர்கள்: இரு பக்கமும் வெற்று மட்கார்டு, அதில் ஹெட்லைட். அதில் முன்சக்கரம் இரு பக்கமும் 90 டிகிரி திரும்பும், வண்டி நின்ற இடத்திலேயே சுழலும். கதவு இடது பக்கம் ஒன்றுதான்.

சி-யும் டி-யும் குழம்பும். டி-யில் மின்சாரம் 12 வோல்ட், எஞ்சின் வில்லியர்ஸ் 9-இ வகை, சி-யில் 8-இ வகை. எஞ்சின் மாறியிருக்கலாம் என்பதால் வயரிங், பேட்டரித் தட்டு, கிரில் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இ ரகத்திலிருந்து கதை மாறுகிறது: முழு அகல பாடி, இரு பக்கமும் கதவு, கீழே தனிச் சேசிஸ். எஃப் வெளியே அதே உருவம்தான், உள்ளே 246 சிசி. ஜி-யில் சக்கரம் 10 அங்குலமானது. கூரையுள்ள ஜி-யில் பின்கண்ணாடி தலைகீழாக, உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். அது தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும்.

லாக்புக்ல 'ஷார்ப்ஸ்'னு போட்டிருக்கு, 'பாண்ட்'னு இல்லை. ஏமாத்துறாங்களா?

ஏமாற்று இல்லை, நல்ல அறிகுறி. தயாரித்த நிறுவனத்தின் பெயர் ஷார்ப்ஸ் கமர்ஷியல்ஸ். பாண்ட் கார்ஸ் என்ற பெயருக்கு 1960-களில்தான் மாறியது. பழைய லாக்புக்கில், அதாவது வண்டியின் பதிவுப் புத்தகத்தில், ஷார்ப்ஸ் என்றோ, ஷார்ப்ஸ் மினிகார் என்றோ இருப்பது இயல்பு. 1969-ல் ரிலயன்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. பிறகு வந்த ஆரஞ்சு நிற, முக்கோண வடிவ பாண்ட் பக், பெயரில் மட்டும்தான் பாண்ட். அதில் ஓடுவது ரிலயன்ட் எஞ்சின்.

முன்னால ரெண்டு, பின்னால ஒண்ணு, ஃபைபர் பாடி. இது எதுன்னு கண்டுபிடிக்கவே முடியலை.

அதிகம் தடுமாற வைக்கும் கூட்டம் இதுதான். உயரத்தைப் பாருங்கள். டெலிபோன் பெட்டி போல ஒடுங்கி, ஐந்தடி உயரத்தில் நின்றால் ஸ்கூட்டகார். லீட்ஸ் நகரில் ரயில் எஞ்சின் செய்த ஹன்ஸ்லெட் நிறுவனத்தின் பிள்ளை, 1957 முதல் 1964 வரை. உள்ளே ஸ்டியரிங் வட்டம் இருக்காது, ஹேண்டில்பார்தான். முதல் ரகத்தில் எஞ்சின் மேலேயே கால் பரப்பி உட்கார வேண்டும். 1960-ல் வந்த இரண்டாம் ரகத்தில் உள்ளே இடம் கூடியது. மூன்றாவது ரகத்தில் 324 சிசி இரட்டைச் சிலிண்டர், சுமார் இருபதே வண்டிகள். பின்மூடியைத் திறந்து சிலிண்டரை எண்ணினால் தெரிந்துவிடும்.

தாழ்வாக, ஸ்போர்ட்ஸ் கார் முகத்தோடு இருந்தால் பெர்க்லி டி60. பிகிள்ஸ்வேட் நகரில் கேரவன் செய்தவர்கள் தயாரித்தது, வடிவமைப்பு மீண்டும் லாரி பாண்ட். 328 சிசி எக்ஸெல்சியர் எஞ்சின், முன்சக்கரங்களை ஓட்டும். இதன் நான்கு சக்கர அண்ணன்களில் பி95, பி105 என்ற இரண்டில் ரெட்டிச்சில் செய்த ராயல் என்ஃபீல்டு 692 சிசி எஞ்சின் இருந்தது. திருவொற்றியூர் புல்லட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த எஞ்சின் கவசத்தில் பெயரைப் படிக்கும்போது தனி மகிழ்ச்சி. எஞ்சின் உயரம் என்பதால் அவற்றின் பானெட்டும் கிரில்லும் உயர்ந்திருக்கும்.

உருண்டையாக, முன்னும் பின்னும் ஒரே மாதிரி வழிந்திருந்தால் நோபல் 200 ஆக இருக்கலாம். ஜெர்மனியின் ஃபுல்டாமொபில்தான் அது, வட அயர்லாந்தில் உரிமம் பெற்றுச் செய்தது, 191 சிசி சாக்ஸ் எஞ்சின். அதே ஃபுல்டாமொபில் உரிமம் பல நாடுகளுக்குப் போனது. இந்தியாவில் ஹன்ஸ் வஹார் என்ற பெயர். சாதாரணத் திறந்த கார் போல அகலமாக, மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்படி இருந்தால் கொரோனெட். அதே உருவம் அலுமினியத்தில், 322 சிசி ஆன்ஸானி எஞ்சினோடு இருந்தால் அதன் மூத்தது, பவர்டிரைவ். முன்பே சொன்ன காந்தமும் கணுவும் இங்கேதான் கைகொடுக்கும்.

ஸ்கூட்டகார் 1930-கள்ல வந்ததுன்னு ஒருத்தர் விக்கிறார். நீங்க 1957-னு சொல்றீங்க?

இரண்டும் சரி, ஆனால் இரண்டும் வேறு வண்டிகள். 1930-களில் ரைட்கிராஃப்ட் ஸ்கூட்டாகார் என்ற பெயரில் ஒரு சின்ன வண்டி விற்பனைக்கு இருந்தது. பொருட்காட்சியில் மோதி விளையாடும் டாட்ஜெம் காரிலிருந்து பிறந்தது. நான்கு சக்கரம், கூரை கிடையாது, 98 சிசி வில்லியர்ஸ். லீட்ஸ் வண்டிக்கும் அதற்கும் ஒரு போல்ட் கூடப் பொதுவில்லை. விளம்பரத்தில் பெயர் மட்டும் இருந்தால் படம் கேட்டு வாங்குங்கள்.

முன்பக்கமே கதவா திறக்கிற முட்டைக் கார். அது ஜெர்மன்தானே, இதுல பிரிட்டிஷ் எங்க வந்தது?

கதவைத் திறந்து பாருங்கள். ஸ்டியரிங்கும் கதவோடு சேர்ந்து வெளியே வந்தால் இசெட்டா. ஸ்டியரிங் உள்ளேயே நின்றால் ஹைன்கெல் வகை. இசெட்டாவை 1957 முதல் பிரைட்டனில் பழைய ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் செய்தார்கள். அங்கே சாலை வசதி இல்லாததால் பாகங்கள் ரயிலில் வந்தன, முடித்த கார்கள் ரயிலிலேயே போயின. பிரைட்டன் வண்டி பெரும்பாலும் பின்னால் ஒற்றைச் சக்கரம். வலது கை ஸ்டியரிங் வண்டியில் ஓட்டுநரும் எஞ்சினும் ஒரே பக்கம் என்பதால், எதிர்ப்பக்கம் ஒரு பாரக்கட்டி வைத்திருப்பார்கள். அது இருந்தால் பிரிட்டிஷ் வண்டி என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஹைன்கெலை 1960 முதல் 1965 வரை குரோய்டனில் டிரோஜன் 200 என்ற பெயரில் செய்தார்கள். பேட்ஜ் போயிருந்தால் சேசிஸ் தகடு ஒன்றுதான் வழி.

நாலு சக்கரம் இருக்கு, ஆனா பின்சக்கரம் ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. யாராவது மாத்திட்டாங்களா?

இல்லை, பிறவியே அப்படி. பின்சக்கரங்களை நெருக்கமாக வைத்தால் டிஃபரென்ஷியல் (திருப்பத்தில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) தேவையில்லை, அதில் காசும் எடையும் மிச்சம். நான்கு சக்கர இசெட்டா இல்லை என்றால், முதலில் நினைக்க வேண்டியவை இரண்டு: ஃபிரிஸ்கி ஸ்போர்ட், ஆப்பர்மன் யூனிகார். ஃபிரிஸ்கி உல்வர்ஹாம்ப்டனில் மெடோஸ் தொழிற்சாலையில் செய்தது. 1957 ஜெனீவா கண்காட்சிக்கு மேல்நோக்கித் திறக்கும் இறக்கைக் கதவோடு போனாலும், விற்பனைக்கு வந்த திறந்த வண்டியில் அது இல்லை. இறக்கைக் கதவைக் காட்டி "முதல் வண்டி" என்றால் நம்பாதீர்கள். யூனிகாரை டிராக்டர் செய்த ஆப்பர்மன், போர்ஹாம்வுட்டில் செய்தார்கள். எஞ்சின் பின்னால், கூரையோடு கூடிய ஃபைபர் பாடி, சுமார் 200 வண்டிகள்.

எஞ்சின்ல 'வில்லியர்ஸ் 9-இ'னு இருக்கு. அப்போ இது எந்த கார்?

எஞ்சின் அந்தக் கேள்விக்குச் சாட்சி சொல்லாது. உல்வர்ஹாம்ப்டனின் வில்லியர்ஸ் எஞ்சின் அந்தக் காலத்தில் புல்வெட்டும் இயந்திரம் முதல் கார் வரை எல்லாவற்றிலும் இருந்தது. 197 சிசி 9-இ பாண்டிலும் உண்டு, ஸ்கூட்டகாரிலும் உண்டு, மூன்று சக்கர ஃபிரிஸ்கியிலும் உண்டு, எத்தனையோ மோட்டார்சைக்கிள்களிலும் உண்டு. பழுதானால் கிடைத்ததைப் போட்டு ஓட்டினார்கள்.

ஆனாலும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வில்லியர்ஸ் எண்ணின் முன்னால் சில இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்ட குறியீடு இருக்கும். எந்த வகை எஞ்சின், யாருக்காகச் செய்தது என்பதை அது சொல்லும், தொடர்ந்து வருவது வரிசை எண். பெட்டிக்குள் அடைபட்ட பின் எஞ்சினுக்குக் காற்று தள்ள விசிறியும் தகர உறையும் இருக்க வேண்டும். அவை இல்லாமல் வெறும் சிலிண்டர் நின்றால் மோட்டார்சைக்கிளிலிருந்து பிடுங்கிப் போட்டது என்று சந்தேகியுங்கள். அப்படியே ஓட்டினால் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ரிவர்ஸ் கியரே இல்லை. யாராவது கழட்டிட்டாங்களா?

முதல் கேள்வியில் சொன்ன அதே சட்டம்தான் காரணம். மோட்டார்சைக்கிள் லைசென்ஸ்காரர் ஓட்டுவதாக இருந்தால் அப்போது ரிவர்ஸ் இருக்கக் கூடாது என்று விதி இருந்தது. அதனால் சிலவற்றில் பிறவியிலேயே இல்லை, சிலவற்றில் ஒரு சின்னத் தகடு வைத்து அந்தக் கியரை அடைத்திருப்பார்கள். அந்தத் தகடு இன்னும் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

வேறு சிலவற்றில் சீபா டைனாஸ்டார்ட் என்ற ஸ்டார்ட்டர் இருக்கும். எஞ்சினை நிறுத்தி, சாவியை மாற்றித் திருப்பினால் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எதிர்த்திசையில் சுற்றும், எல்லாக் கியரும் ரிவர்ஸ் ஆகிவிடும். சாவித் துளையில் இரண்டு பக்கமும் நிலை இருக்கிறதா என்று பார்த்தால் தெரியும்.

வெறும் கூடு மட்டும்தான் கிடக்கு. எஞ்சினும் இல்லை, சக்கரமும் இல்லை. வழியே இல்லையா?

இருக்கிறது. ஆனால் கழுவுவதற்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். இருக்கும் நிலையிலேயே நாலு பக்கமும் உள்ளும் அடியும் படம் எடுங்கள். டேப் வைத்து நீளம், அகலம், முன் பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து எழுதுங்கள். அந்தக் காலப் பட்டியல்கள் அங்குலத்தில்தான் இருக்கும். எஞ்சின் மாட்டும் போல்ட் துளைகளின் இடைவெளி, செயின் போன வழி, பெடலுக்கான பிளவு, ஹெட்லைட் துளை எல்லாம் தடயம். பழைய லூக்காஸ் மின்பாகம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். வண்டி அதைவிடப் பழசாக இருப்பது அபூர்வம், பாகம் மாற்றப்படாமல் இருந்தால்.

எண்ணைத் தேடும்போது கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் கூடவே கூடாது. அலுமினியத்தில் லேசாகக் குத்திய எழுத்து நாலு தேய்ப்பில் போய்விடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுக்கை ஊறவைத்துத் துடையுங்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்து தாளில் வரும்.

பீல் பி50 ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. அசல்தானா?

பெரும்பாலும் இல்லை என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஐல் ஆஃப் மேன் தீவில் 1962 முதல் 1965 வரை செய்த அசல் வண்டிகள் ஐம்பதை ஒட்டித்தான். அந்தத் தீவு ஐக்கிய இராச்சியத்தில் சேர்ந்ததல்ல என்றாலும் பிரிட்டிஷ் மைக்ரோகார் கணக்கிலேயே இதைச் சேர்க்கிறார்கள். 2016-ல் அமெரிக்க ஏலத்தில் ஒன்று 1,76,000 டாலருக்குப் போனது. அந்த விலை இருக்கும்வரை நகல் வந்துகொண்டேதான் இருக்கும். நகல் என்று சொல்லி விற்பதில் தவறில்லை, சொல்லாமல் விற்பதுதான் சிக்கல்.

அசலில் 49 சிசி டிகேடபிள்யூ டூ ஸ்ட்ரோக், மூன்று கியர், ரிவர்ஸ் கிடையாது. திருப்ப வேண்டுமானால் பின்னால் உள்ள கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி இழுக்க வேண்டும். நீளம் 54 அங்குலம், அகலம் 39, கதவு இடது பக்கம் ஒன்று, ஹெட்லைட் ஒன்று, எடை 59 கிலோ. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின், ரிவர்ஸ் கியர், மின் மோட்டார் இவற்றில் ஏதாவது இருந்தால் பிற்காலத்தது. "எஞ்சின் மட்டும் மாற்றினோம்" என்பார்கள். அப்போது பழைய எஞ்சின் தாங்கிகள் எங்கே இருந்தன என்று காட்டச் சொல்லுங்கள். ஹல் நகரில் 1980-களில் செய்த பாம்பி என்ற ஒற்றை இருக்கை வண்டியையும் பீல் என்று விற்கிறார்கள். அது இருபது ஆண்டு இளையது.

நம்பர் பிளேட் 1950-கள்ல உள்ளது, லாக்புக்கும் இருக்கு. அப்போ வயசு உறுதிதானே?

உறுதி இல்லை. பிரிட்டனில் பதிவை இழந்த பழைய வண்டிக்கு அதன் வயதுக்குப் பொருத்தமான, அதுவரை யாருக்கும் தராத பழைய எண் ஒன்றைப் பிற்காலத்தில் ஒதுக்குவார்கள். அந்த எண் வண்டி பிறந்த ஊரையோ விற்ற ஊரையோ சொல்லாது. தனித்தனிப் பாகங்களாக (கிட்டாக) வாங்கி வீட்டில் பொருத்திய வண்டிகளில் முதல் பதிவுத் தேதி, பாகம் செய்த ஆண்டுக்கு வெகு பிந்தியும் இருக்கும். 'கியூ' எழுத்தில் தொடங்கும் எண் என்றால் வயதோ அடையாளமோ நிரூபிக்கப்படவில்லை என்று அரசாங்கமே சொல்கிறது.

அசல் எண்ணைத் திரும்பப் பெற வி765 என்ற திட்டம் உண்டு. அதற்குப் பழைய லாக்புக் போன்ற அக்கால ஆவணமும், அங்கீகாரம் பெற்ற சங்கம் ஒன்று வண்டியைப் பார்த்துத் தரும் சான்றும் வேண்டும். சங்கத்தார் கேட்பது சேசிஸ் எண்ணின் படமும், முந்தைய கேள்விகளில் சொன்ன பென்சில் பிரதியும் அளவுகளும்தான். சேசிஸ் தகடு புதிய ரிவெட்டில் பளபளத்தால், அதன் அடியில் பழைய துளைகள் பொருந்துகின்றனவா, தகட்டுக்குக் கீழே பழைய பெயிண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். எண் குத்திய சட்டத்தை வெட்டி ஒட்டியிருந்தால், உள்பக்கம் வெல்டிங் தழும்பு விரலுக்குத் தட்டுப்படும்.